அறுபதைத் தாண்டிய எண்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் மேல்தளத்துக்குப் போகிறேன். நீ கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானும் சின்னவளும் நலமா?

அத்தானின் மீன்பிடிப் படகுக்கு என்று நீ கேட்ட பொருள் கிடைத்துவிட்டது. எங்கள் கப்பலில் வழிகாட்டும் ரிசீவரை மாற்றிப் புதிது வைத்தார்கள். புதிதை மாட்டியவன் நான்தான். எலக்ட்ரீஷியனுக்கு அதுதானே வேலை. கழற்றிய பழசைக் கேட்டதும் கேப்டன் கொடுத்துவிட்டார். விடுப்பில் ஊருக்கு வரும் நண்பர் கையில் அனுப்பியிருக்கிறேன்.

பெட்டிக்குள் மூன்று இருக்கும். கறுப்பு ரிசீவர், காளான் மாதிரி வெள்ளை ஆன்டெனா, நீளமான ஒயர். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சைகையை ஆன்டெனா பிடிக்கும். நீ நிற்கிற இடம் எது என்பதை ரிசீவர் இரண்டு வரி எண்ணாகக் காட்டும். வரியில் முதலில் வருவது பாகை, அடுத்தது நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நான்கு செயற்கைக்கோளாவது அகப்பட வேண்டும். முதல்முறை போடும்போது கால்மணி நேரம் ஆகலாம், பொறுமையாக இரு. சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ஒரே ஒரு முறை புகை வரும், அதோடு சரி.

ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. உனக்கு அகராதி போதும் என்று தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

கடவுள் துணை
ஜனவரி 31

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் நலம். முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்கிறது, வலியும் அதனோடு இருக்கிறது. கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறேன் என்று நீ எழுதியதை நான் பாதிதான் நம்புகிறேன்.

பெட்டி வந்து சேர்ந்தது. விளக்கின் முன்னால் வைத்து நன்றி சொல்லிவிட்டுப் பிரித்தேன். புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். ஒரு நாளைக்கு ஆறு பக்கம் என்று வைத்துக்கொண்டு பதினோரு நாளில் முடித்தேன். தெரியாத சொற்களைத் தனியாக எழுதிப் பொருள் பார்த்தேன். உன் அத்தான் பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தப் பாடு? மீனுக்கெல்லாம் அட்ரஸ் எழுதப் போறியா?" என்று சிரித்தார்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். படகில் ஏற்றுமுன் வீட்டில் பழக நினைத்து மாடியில் ஆன்டெனாவை வைத்தேன். மேகமாக இருந்தது. நனையுமே என்று அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து மூடினேன். இரண்டு நாள் ஒரு செயற்கைக்கோளும் வரவில்லை. உன்னையும் திட்டினேன், உன் கேப்டனையும் திட்டினேன். மூன்றாம் நாள் ஒன்பதாம் பக்கத்தைத் திரும்பப் படித்தபோதுதான், மேலே உலோகம் எதுவும் மறைக்கக் கூடாது என்று போட்டிருந்தது தெரிந்தது. குண்டானை எடுத்தேன். பதினெட்டு நிமிடத்தில் நான்கு செயற்கைக்கோளின் கோடும் திரையில் எழும்பி, நம் வீடு எண்ணாக வந்து நின்றது. நம் வீடு எங்கே இருக்கிறது என்று மேலே இருப்பவனுக்கு எப்போதும் தெரியும் என்று நம்புகிறவள்தான் நான். ஆனாலும் அதை எழுத்தில் பார்த்தபோது இன்னொரு முறை கை கூப்பினேன்.

இரண்டு சந்தேகம். அந்த எண்களைப் பெரிதாகக் காட்ட வழி இருக்கிறதா? குறித்த இடம் வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லுமா? எனக்காகத்தான் கேட்கிறேன். பொடி எழுத்து இப்போது எனக்குச் சிரமமாக இருக்கிறது.

உடனே பதில் போடு. கழுத்தில் துணி சுற்ற மறக்காதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ திட்டியது எட்டியிருக்க வேண்டும், இரண்டு நாள் விக்கல் எடுத்தது. குண்டான் கதையைக் கேப்டனிடம் சொன்னேன். அவர், "உங்க அக்காவை நம்ம கப்பலுக்கு அனுப்பிடுப்பா. புத்தகத்த முழுசா படிச்ச ஆளு இங்க ஒருத்தரும் இல்ல" என்றார்.

சந்தேகத்துக்கு வருகிறேன். எண்ணைப் பெரிதாக்க முடியாது. ஆனால் பக்கம் மாற்றும் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் எண் போய்ப் பெரிய அம்பு மட்டும் வரும். போக வேண்டிய பக்கத்தை அது காட்டும். சத்தமும் உண்டு, குறித்த இடத்தை நெருங்கியதும் விடாமல் கத்தும். இடத்தைக் குறிக்க, படகை அங்கே நிறுத்திச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். இஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் மட்டும் ரிசீவரைக் கொடுக்காதே, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அணைந்துபோகும். விளக்குக்கு இருக்கிற தனி பேட்டரியில் கொடு, நடுவில் ஃபியூஸ் போடு.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அத்தான் திசைகாட்டியைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஆள். துறைமுக வாசலுக்கு முன்னால் அந்தப் பாறைத் திட்டு கிடக்கிறதே, அதைச் சுற்றி அவர் வருகிற அழகைப் பார்க்க நான் சின்ன வயதில் ஓடுவேன். குன்றையும் விளக்குக் கம்பத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, பேச்சை நிறுத்தாமலே திரும்புவார். அவருக்கு இப்போது மெஷின் எதற்கு? அவர் கேட்டாரா, நீ கேட்டாயா?

கண் சிரமம் என்றால் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

*

கடவுள் துணை
மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கேப்டன் நல்லவராக இருக்கிறார், அவரையும் என் பிரார்த்தனையில் சேர்த்துவிட்டேன். நாங்கள் நலம்.

ரிசீவரைப் படகில் ஏற்றிவிட்டோம். ஏற்றியது நான் என்று சொன்னால் தற்பெருமை, ஆனால் வேறு யாரும் இல்லை. சுக்கான் அறைக் கூரையில் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனா. ஒயரை மடக்காமல் வளைத்து, மீதியை வெட்டாமல் சுருட்டிக் கட்டினேன். நம் படகின் இஞ்சின்காரர் ஃபியூஸை மாட்டிக்கொண்டே, "அண்ணி, வீட்ல மிக்ஸி ரிப்பேர் வந்தா இனிமே உங்களத்தான் கூப்பிடணும்" என்றார். நெட்டையன் இருக்கிறானே, வலை இழுப்பவன், அவன் கூரையில் தலையை இடித்துக்கொண்டு, "ஆன்டெனா எதுக்கு? என்னை நிக்க வைங்க, எனக்கே சிக்னல் கிடைக்கும்" என்றான். நெட்டையனே எனக்குப் படகின் வயர்லெஸ்ஸையும் காட்டிக் கொடுத்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், பேசி முடித்ததும் விரலை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் இங்கே பேசுவதெல்லாம் எல்லாப் படகுக்கும் கேட்கும் என்றான். நான் இரண்டு முறை செய்து பார்த்தேன்.

பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு பாறைத் திட்டு வரை போனார்கள். வானம் தெளிவாக இருந்தது. இரண்டு இடத்தைச் சேமித்தோம். திட்டுக்கு முன்னால் திரும்ப வேண்டிய இடம் ஒன்று, துறைமுக வாசல் ஒன்று. திரும்பும் இடத்தை நெருங்கியதும் மெஷின் கத்தியது பார், என் மாமியார் இருந்தபோதுகூட இவ்வளவு சத்தம் வீட்டில் கேட்டதில்லை. உன் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். மெஷினில் எதையாவது படிக்க வேண்டும் என்றால், "டேய் நெட்டை, நீ படி, எனக்குக் கை ஈரமா இருக்கு" என்கிறார். படிப்பதற்குக் கை எதற்கு என்று நெட்டையன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

இன்னொரு வேடிக்கை. போன வாரம் அவர்கள் கடலிலிருந்து வந்த அன்று படகுத்துறையில் குடை பிடித்து நின்றேன். உன் அத்தான் நேராக வந்து, "உங்க வீட்டுக்காரர் பின்னால வர்றாரும்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். இஞ்சின்காரர் மனைவி என்று நினைத்ததுபோல் நடித்திருக்கிறார். அவருக்கு எப்போதும் விளையாட்டுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் மெஷின். அதற்குள் ஞாபகத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பழையது, எந்த நாளும் தீர்ந்துபோகலாம். தீர்ந்தால் சேமித்த இடங்கள் எல்லாம் மறந்துபோகும். ஆகவே அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வை. மறந்துபோனால் கையால் ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, அக்கா. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எண் பெரிதாக வேண்டும் என்றாய். சத்தம் வேண்டும் என்றாய். கை ஈரம் என்றால் படிக்க முடியாதா? பட்டப்பகலில் கட்டின மனைவியை அடுத்தவர் மனைவி என்று நினைக்கிற விளையாட்டை அத்தான் எப்போது ஆரம்பித்தார்?

நேராகவே கேட்கிறேன். அத்தானுக்குக் கண் தெரிகிறதா, இல்லையா? அந்தப் படகில் இன்னும் இரண்டு பேர் போகிறார்கள். அவர்களுக்குத் தெரியுமா?

இதற்குப் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன் தம்பி

*

கடவுள் துணை
மே 2

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். தைலம் வந்தது, நல்ல காரம். இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். மாடிக் குழாய் ஒழுகியது, மாற்றிவிட்டேன். மழை தொடங்கிவிட்டது, காலையில் திட்டு இருக்கும் திசையே தெரியாதபடி மூட்டம் போடுகிறது.

நீ சொன்னபடி எண்களை நோட்டில் ஏற்றிவிட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு, இடம், மேல் வரி, கீழ் வரி என்று கட்டம் பிரித்து, எத்தனை செயற்கைக்கோள் இருந்தபோது எடுத்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். உன் மெஷினில் ஒரு குறை கண்டுபிடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. அதற்கு அறுபது தெரியவில்லை. பாகையை விட்டுவிட்டால் வாசலின் கீழ் வரி 41.38, அது சரி. திரும்பும் இடத்துக்கு 40.86 என்று காட்டுகிறது. நாற்பது நிமிடம், எண்பத்தாறு விநாடி. எண்பத்தாறு விநாடி எங்கே இருக்கிறது? சின்னவளுக்கு மணிக்கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதே தப்புக்குத்தான் தலையில் குட்டு வைத்தேன். அறுபதை எடுத்து ஒரு நிமிடமாக ஏற்றினால் மீதி இருபத்தாறு. நோட்டில் 41.26 என்று திருத்தி எழுதிவிட்டேன். மெஷினுக்குள் இருப்பதைத் தொடவில்லை, அது பழகின வழியிலே போகட்டும்.

நீ கேட்ட மற்றதற்கு, கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் நலம் என்பதுதான் பதில். அதையே திரும்பக் கேட்காதே, தம்பி.

உன் அக்கா

*

கடவுள் துணை
மே 20

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்று தேற்றிக்கொள்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னது நடந்துவிட்டது. நேற்று மெஷினைப் போட்டால் பிறந்த குழந்தை மாதிரி விழிக்கிறது, ஒன்றும் ஞாபகம் இல்லை. இஞ்சின்காரர் கைகளை விரித்துவிட்டார். நான் நோட்டைக் கொண்டுபோய் இரண்டு இடத்தையும் ஒவ்வொரு எண்ணாக ஏற்றினேன். நெட்டையன் திரும்பப் படித்தான், நான் சரிபார்த்தேன்.  இறங்கும்போது உன் அத்தான், "உன் நோட்ட நம்பித்தான் போறேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

நாளை விடியும்போது புறப்படுகிறார்கள். எட்டு நாள். இருபத்தொன்பதாம் தேதி காலை வர வேண்டும். மூட்டம் விடவே இல்லை. நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வேளை பிரார்த்தனையை நான்காக்கியிருக்கிறேன்.

பதில் போடு.

உன் அக்கா

*

தந்தி
மே 25

எண்பத்தாறு சரி. நோட்டு தவறு. 41.26 ஏற்றாதே. ஏற்றியிருந்தால் படகை நிறுத்து. தம்பி.

*

மே 26

அக்கா,

தந்தி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருக்கும். உன் மே 2 கடிதம் நேற்றுத்தான் கையில் வந்தது. கரையில் தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் ஓடினேன்.

தப்பு என்னுடையது. நிமிடம் என்று எழுதினேனே, புள்ளிக்குப் பின்னால் வருவது விநாடி இல்லை, நிமிடத்தின் நூறில் பங்கு என்று ஒரு வரி எழுதவில்லை. 40.86 என்றால் நாற்பதே முக்காலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அது நூறு வரை போகும், அறுபதில் திரும்பாது. நீ 41.26 என்று மாற்றியதில் திரும்பும் இடம் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைப்பக்கம் நகர்ந்துவிட்டது. வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே தண்ணீர் இல்லை, அக்கா. பாறைத் திட்டைத் தாண்டிப் போய்த்தான் மெஷின் கத்தும்.

கண் தெரிகிறவர் என்றால் அதற்கு முன்பே பாறையில் அடிக்கும் நுரையைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அதனால்தான் பயப்படுகிறேன். நீ எழுதாமல் விட்டதைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் படிக்கிறேன்.

வந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை அனுப்பு. உன் உடம்பையும் கவனி.

தம்பி

*

ஜூன் 3

அக்கா,

மே 20 கடிதம் இன்று வந்தது. கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் எனக்குத் தந்தி ஏதும் இல்லை. நான்கு முறை கேட்டுவிட்டேன், அந்த ஆள் என்னைக் கண்டாலே கையை ஆட்டுகிறான். இருபத்தொன்பது போய் ஐந்து நாள். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, அப்புறம் பன்னிரண்டு நாள் எந்தச் செய்தியும் எட்டாது. பிரார்த்தனை உன் வேலை என்று சிரிப்பேனே, நேற்றிலிருந்து அதையும் செய்து பார்க்கிறேன், சரியாக வரவில்லை.

நீ நலமா? அதற்குமேல் கேட்கப் பயமாக இருக்கிறது.

தம்பி

*

கடவுள் துணை
ஜூன் 6

என் கண்ணான தம்பிக்கு,

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் ஆசீர்வாதம். முப்பதாம் தேதியே தந்தி அடித்தேன். உன்னைத் தேடி எந்தத் துறைமுகத்தில் காத்திருக்கிறதோ.

உன் தந்தி இருபத்தெட்டாம் தேதி மாலை நாலரை மணிக்கு வந்தது. படித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன், அந்த 41.26 அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான ஒரு தப்பை நான் எழுதியதில்லை.

கடலில் இருக்கிறவர்களைப் பிடிக்க ஒரே வழிதான். தினமும் ஆறு மணிக்குத் துறைமுக ஆபீசின் வயர்லெஸ்ஸில் எல்லாப் படகையும் அழைத்து விசாரிப்பார்கள். எல்லாப் படகும் அப்போது காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். லைசென்ஸ் புதுப்பித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரிதான் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போய் நிற்க நான் ஏன் பயந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

ஆமாம் தம்பி, உன் அத்தானுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு வருடமாயிற்று. முதலில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றார். அப்புறம் குன்று போனது, அப்புறம் விளக்குக் கம்பம். லைசென்ஸுக்கான போன கண் பரிசோதனையில் தனக்கு முன்னால் நின்றவர் எழுத்துப் பலகையைப் படித்ததைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வந்தார். ஒரு மனுஷரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று விளக்கின் முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினார். கடலை விட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் கொடுத்துவிட்டேன். அதனால்தான் உன் கேள்விக்குக் குழாய் ஒழுகியதை எழுதினேன்.

முழங்கால் வலியோடு ஓடினேன். ஐந்து ஐம்பதுக்கு ஆபீஸில் நின்றேன். அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். "சார், எங்க படகுக்கு ஒரு நம்பர் சொல்லணும்" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நம்பரா? சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். ஆறானதும் எங்கள் படகை அழைத்து மைக்கைக் கொடுத்தார்.

இஞ்சின்காரர் குரல் கரகரவென்று வந்தது. "அண்ணியா? வீட்ல எதுனா...?"

"வீட்ல ஒண்ணுமில்ல. திரும்புற எடத்துக்குக் கீழ் வரி என்ன இருக்கு, படிங்க."

"நாப்பத்தொண்ணு புள்ளி இருபத்தாறு."

"அத அழிங்க. நாப்பது புள்ளி எண்பத்தாறு. நான் தப்பா ஏத்திட்டேன்."

மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்று முறையும் சரியாகப் படித்தார். மறுபடி பொத்தானை அழுத்தி, சரி என்றேன். ஆபத்து அவ்வளவுதான், நீங்கிவிட்டது. விரலை எடுத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பியிருக்கலாம்.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஏம்மா, உங்க வீட்டுக்காரரக் கண்ணக் கட்டி விட்டாலும் உள்ள வந்துருவாரே. அவருக்கு எதுக்கும்மா நம்பரு?" என்றார்.

"கட்டித்தான் சார் இருக்கு. ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

அவர் டீயை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். விரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மூட்டத்துக்குள்ளிருந்து படகு வந்தது. இஞ்சின்காரர் சுக்கானில் நின்றார். என் குரல் வந்ததும் உன் அத்தான் தானாகவே சுக்கானை விட்டு விலகி, வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டாராம். நெட்டையன்தான் சொன்னான். வாயாடி அவன், அதற்குமேல் நிற்காமல் தலை குனிந்து போனான். இஞ்சின்காரர் மனைவி பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ரெண்டு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு வழி பாத்தோமே, ஒரு நாள் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். தோன்றியது, தினமும் தோன்றியது என்றேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை, அப்படியே திரும்பிப் போனாள். அவள் கேட்டது நியாயம். 

படகு வந்த அன்று படகுத்துறையில் நான் நீலக் குடையோடு நின்றேன். எல்லாரும் போன பிறகு உன் அத்தான் மெதுவாக வந்து என் முன்னால் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீலமா ஏதோ தெரிஞ்சுது. நீதான்னு நெனச்சு வந்தேன்" என்றார். சத்தியம் வாங்கிய பிறகு அவர் கண்ணைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது.

அதற்குப் பிறகு நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூ விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஒரு கண் நன்றாகத் தெரியலாம், மற்றதற்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஆபரேஷன் முடிந்து கண் தெரியும் வரை லைசென்ஸ் அதிகாரியின் மேசை டிராயரில் இருக்கும். படகு இஞ்சின்காரர் கையில். நோட்டில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறேன். தப்பு என்ன என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நேற்று உன் அத்தான் கண் மருந்துக்குத் தலையை அண்ணாந்துகொண்டு, "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குப் பொத்தான்லேருந்து வெரல எடுக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க" என்று சொல்லிச் சொட்டு விட்டேன்.

ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பாவம், பழக்கமில்லாத பொம்பளை, மறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உன்னிடம் அது செல்லாது. வயர்லெஸ் பழகியதை எழுதிய என் மார்ச் மாதக் கடிதம் உன் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் உள்ளே வைத்துவிடு.

கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

உன் அக்கா